நெல்லையிலிருந்து குருசடை தீவுக்கு ஒரு நாள் பயணம்: முதலில் கடலைக் கேளுங்கள்

முதல் தடவை நாங்கள் பாம்பன் பக்கத்துக் குருசடை தீவுக்குக் கிளம்பியது ஒரு ஜூன் மாதம். பாளையங்கோட்டையிலிருந்து பதினான்கு பேர், ஒரு வேன், பெரிய தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை. வேன் பேசியாயிற்று, பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கியாயிற்று, ஆச்சிக்கு முட்டுவலித் தைலம்கூட எடுத்து வைத்தாயிற்று. குந்துகால் கரையில் போய் இறங்கினால் படகு ஓடவில்லை. கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கச்சான் அடிக்கிற மாசத்துல தென்கடலுக்கு யாரு வரச் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, அதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. புளியோதரையைக் கரையிலேயே தின்றுவிட்டுத் திரும்பினோம்.

யார் யார் வருவது, எந்த வேன், என்ன சாப்பாடு என்று வீட்டிலிருந்து தொடங்கி, கடலைக் கடைசியில் வைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு. அதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் கடல், அடுத்தது அனுமதி, அப்புறம் ஆட்கள், எல்லாவற்றுக்கும் பிறகு வேன். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: எந்தத் தீவு?

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இவையும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்தது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். நம்ம தாமிரபரணி புன்னைக்காயலில் போய் விழுகிற கடல்தான் இது.

நமக்குப் பக்கத்தில் இருப்பவை தூத்துக்குடிக் கூட்டத்துத் தீவுகள்: வான் தீவு, காசுவார், காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி. இதில் விலாங்குச்சல்லி இப்போது கண்ணில் படாது, கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவுக்கும் அதே கதி. பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் அலை நேராகத் தீவின் மணலை அரித்தது. வான் தீவும் அப்படித்தான் தேய்ந்துகொண்டு வந்தது. 2015-லிருந்து அதைச் சுற்றிச் செயற்கைப் பவளப்பாறைத் தொகுதிகளை இறக்கி அரிப்பைத் தடுத்து வருகிறார்கள்.

"தூத்துக்குடியிலேயே ஒரு வள்ளம் பேசி வான் தீவுக்குப் போய்விடலாமே" என்று என் அத்தான் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். முடியாது. அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளில் இறங்குவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற முயல் தீவு தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியது, வண்டியிலேயே போகலாம். தேசியப் பூங்காப் பட்டியலில் உள்ள முயல் தீவு வேறு. அது மண்டபம் பக்கம், இந்தத் தீவுகளிலேயே பெரியது. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது குருசடை தீவு. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து வனத்துறையே படகில் கூட்டிப்போய், வழிகாட்டியோடு சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது.

படி 2: எந்த மாதம்?

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ராமேசுவரத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். குருசடை இருப்பது தென்கடலில். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்.

கச்சான் எப்போது என்று தெரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டாம். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறதா? அப்படியானால் குந்துகாலை மறந்துவிடுங்கள். மலை தாண்டி வந்து நமக்குச் சாரலைத் தருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கே படகை நிறுத்துகிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பாடு. நாங்கள் போன ஜூனில் குற்றாலத்தில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த சேதியைப் படிக்காமல் இருநூறு கிலோமீட்டர் போயிருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் காற்றழுத்தத் தாழ்வும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் எந்தப் படகும் கிளம்பாது.

மிச்சத்தில் நல்லது தை, மாசி, பங்குனி. என் ஓட்டு மாசிக்கு. காற்று தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், வெயிலும் தாங்கும். தையில் போவதானால் பொங்கல் விடுமுறையையும் தை அமாவாசையையும் விட்டுவிடுங்கள். அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போகிற கூட்டத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் உங்கள் படகு நேரம் போய்விடும்.

தேதி குறித்ததும் இன்னொரு தேதியையும் மாற்றாகக் குறித்து வையுங்கள், ஒரு வாரம் தள்ளி. பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து, கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் (INCOIS) இணையதளத்தில் ராமநாதபுரம் கடற்கரைக்கான அலை உயரத்தையும் காற்று வேகத்தையும் பாருங்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாற்றுத் தேதிக்குப் போய்விடுங்கள். எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரை ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

படி 3: அனுமதியும் படகும்

மன்னார் வளைகுடாப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது, வனச்சரக அலுவலகம் மண்டபத்தில். பதினைந்து நாள் முன்பே பேசிவிடுங்கள். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். போனில் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அந்தத் தேதியில் படகு உண்டா, ஒரு படகில் எத்தனை பேர், முதல் படகு எத்தனை மணிக்கு, ஆளுக்கு எவ்வளவு, கேமராவுக்குத் தனியாகவா, சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றுவார்களா, படகு நின்றுபோனால் பணம் என்ன ஆகும். முதல் நாள் சாயங்காலம் மறுபடி ஒரு தடவை கூப்பிட்டு "நாளைக்குப் படகு உண்டுதானே?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

எல்லாருடைய ஆதார் நகலும் ஒரே கவரில் இருக்கட்டும். இலங்கைக் கடல் எல்லைக்கு அருகில் போகிறோம், எந்த இடத்திலும் கேட்கலாம்.

படி 4: ஆட்களும் பணமும்

படகில் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் "மதினி, இடம் இல்லை" என்றால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. வருகிறேன் என்பவர்களிடம் வேன் பங்கை முன்பணமாக வாங்கிவிடுங்கள், படகுக் கட்டணத்தை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனாலும் வேன் வாடகை குறையாது. வாடகை பேசும்போது டிரைவர் படியும் டோலும் சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். கடலோரச் சாலை. போக மட்டும் ஏறக்குறைய 220 கிலோமீட்டர், வேனில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படகு காலை பத்து மணிக்கு என்றால் ஒன்பது மணிக்குக் குந்துகாலில் இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் காலைப் பலகாரத்துக்கும் கழிப்பறைக்கும் ஒரு மணி நேரம். அப்படியானால் வீட்டிலிருந்து கிளம்புவது மூன்று மணிக்கு. மூன்று என்று சொன்னால் மூன்றரை ஆகும், ஆகவே எல்லாரிடமும் இரண்டரை என்று சொல்லுங்கள்.

டிரைவர் அண்ணாச்சி முந்தின நாள் ராத்திரி வேறு சவாரிக்குப் போகவில்லை என்பதை வேன் பேசும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். போகவர 440 கிலோமீட்டர் ஒரே ஆள் ஓட்டப் போகிறார். அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டுங்கள். நாம் தீவில் இருக்கும் நேரம் அவர் தூங்கட்டும், போன் அடித்து எழுப்ப வேண்டாம்.

பாலம் தாண்டிப் பாம்பனில் வலது பக்கம் திரும்பினால் குந்துகால். சீக்கிரம் போய்விட்டால் கவலை இல்லை. மேலைநாட்டுப் பயணம் முடித்து 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய கரை இது, நினைவு மண்டபம் இருக்கிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-இல் திறந்த புதிய பாலம் ஓடுகிற வண்டியிலிருந்தே தெரியும்.

படி 6: பையில் என்ன

தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள், சிப்ஸ் பாக்கெட் உட்பட. சாப்பாடு கரைக்கு வந்த பிறகுதான், அதனால் தீவுக்கு ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் போதும், அதையும் காகிதத்தில் சுற்றி. காலுக்கு வார் வைத்த செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு சேற்றில் சிக்கிக் கழன்றுவிடும். தொப்பி, மாற்றுத் துணி, குமட்டல் உள்ளவர்களுக்கு மாத்திரை. இட்லியை மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டினால் மதியம் வரை கெடாது. ட்ரோன் வேண்டாம்.

படி 7: வழிகாட்டியோடு

லைஃப் ஜாக்கெட்டை வாரை இழுத்துக் கட்டுங்கள், படத்துக்காகக் கழற்றாதீர்கள். அப்புறம் வழிகாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். எங்களுக்கு வந்தவர் மீனவக் குடும்பத்து இளைஞர். சிலர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குக் குருசடை ஒரு மணல் திட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியவை சின்னவை, பாதி மறைந்தவை. விலங்கியல் படித்தவர்கள் பலனோகிளாஸஸ் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் வைத்துச் சொல்லித்தரும் புழு. அது வாழ்கிற மணல் இந்தத் தீவைச் சுற்றி இருக்கிறது. சென்னை மாகாண மீன்துறை அந்தக் காலத்தில் இங்கே ஆய்வுக்கூடம் வைத்திருந்தது, கல்லூரிகள் மாணவர்களைக் கூட்டிவந்தன.

வழிகாட்டியிடம் "இங்கே என்ன இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கடற்புல் எங்கே, அதை மேய்கிற ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, நீங்கள் பார்த்ததுண்டா? பேராமை எங்கே தென்படும்? 2016-இல் பவளப்பாறைகள் வெளுத்தபோது இங்கே எப்படி இருந்தது? கடற்பாசி எடுக்கிற பெண்கள் எந்தப் படகுத்துறையிலிருந்து கிளம்புகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் வழிகாட்டி படகு கரை தொடும் வரை பேசினார். அவருடைய அம்மா பாசி எடுப்பவர்.

கடலில் எதையும் தொடாதீர்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன், உரசினாலே எரியும், பவளத்தை மிதித்தால் அது சாகும், நம் காலும் கிழியும். கரையில் கிடக்கிற செத்த பவளத்தையும் சங்கையும்கூட எடுக்கக் கூடாது. 2001 முதல் பவளம், வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. பிள்ளைகள் டவுசர் பைகளைப் படகு ஏறுமுன் ஒரு தடவை தடவிப் பாருங்கள். என் மகன் பையிலிருந்து மூன்று சிப்பி கிடைத்தது.

படி 8: படகு இல்லையென்றால்

முதல் நாளே தெரிந்தால் வேனை மாற்றுத் தேதிக்குத் தள்ளுங்கள். பாதி வழியில் தெரிந்தால் திரும்ப வேண்டாம். தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற சாலைப் பக்கம் காரங்காடு இருக்கிறது. அங்கேயும் வனத்துறைப் படகு உண்டு, அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். ராமநாதபுரத்தில் காலைப் பலகாரம் சாப்பிடும்போதே போன் செய்து கேட்டுவிடலாம். பனிக்காலமாக இருந்தால் திரும்பும் வழியில் சாயல்குடி அருகே மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தையும் பார்க்கலாம், கண்மாயில் தண்ணீர் கிடந்தால்.

மாலை மூன்று மணிக்குள் குந்துகாலை விட்டுக் கிளம்புங்கள். தையில் போனால் வழியில் பனங்கிழங்கு கிடைக்கும், கட்டாக வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், வேனில் ஒரு விளக்குமாறு போட்டுக்கொண்டு போங்கள். எல்லார் கால்களிலும் ஒட்டிய மணல் சீட்டுக்கடியில் சேர்ந்து கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை டிரைவர் அண்ணாச்சி தனியாகக் கூட்டக்கூடாது.