பழைய கம்ப்யூட்டரில் கேமரா ரெக்கார்டிங்

மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும், திரை இல்லாமல் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை மட்டும் நிறுவுங்கள். ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்பும் கேமரா) ஏற்கெனவே வீடியோவை ஹெச்.264 அல்லது ஹெச்.265 போன்ற முறையில் சுருக்கித்தான் பெரும்பாலும் அனுப்புகிறது, அதனால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் மறுபடி என்கோட் செய்யாமல் (அதாவது மறுபடி சுருக்காமல்), வருவதை அப்படியே எழுதும் 'காப்பி' முறையில் பத்து பத்து நிமிடக் கோப்புகளாகச் சேமித்தால் சிபியு கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டே இருக்கும். கோப்பு வடிவமாக எம்பி4 வேண்டாம், எம்கேவி வையுங்கள்; நடுவில் கரண்ட் போனபோது என் எம்பி4 கோப்பு திறக்கவே இல்லை. நொடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) அனுப்பும் கேமரா ஒன்று நாளுக்குச் சுமார் 43 ஜிபி தின்னும், ஆகவே பழையதை அழிக்க ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) கட்டாயம்.

அப்புறம், வெளியிலிருந்து பார்க்க கேமராவின் போர்ட்டை (இணைப்பு வாசலை) ரௌட்டரில் திறந்துவிடாதீர்கள், கண்டவனும் எட்டிப்பார்ப்பான். வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டு அதற்கான யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் திறங்கள், போனில் வயர்கார்டோடு விஎல்சி வீடியோ பிளேயர் இருந்தால் போதும்.