நாய்க்கு உண்ணி வந்தால் என்ன செய்வது? புதிதாக வளர்ப்பவர்களுக்கான செய்முறை

நாய் மேல் உண்ணியைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் குளிப்பாட்டுவார்கள். போகவில்லை என்றால் ஷாம்பூவை மாற்றுவார்கள். அப்படியும் பத்து நாளில் காதுக்குள் மறுபடியும் உண்ணி இருக்கும். ஷாம்பூ மேல் குற்றமில்லை. நாய் மேல் நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கூண்டின் மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் நாய், வீடு இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் உண்ணியைப் பற்றிக் கொஞ்சம்

நம் ஊர் வீட்டு நாய்களில் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு 6 கால்தான், கடுகைவிடச் சிறியது. அது நாய் மேல் ஏறி, ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து 8 கால் உள்ள அடுத்த பருவமாகும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும். வளர்ந்த உண்ணியான பிறகு இன்னொரு தடவை. கடைசியாக, வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உருண்டு, நாயை விட்டு இறங்கி, ஏதாவது ஒரு இடுக்கில் முட்டை போடும். ஒரு உண்ணி 4000 முட்டை வரைக்கும் போடும். பசியோடு பல மாதம் காத்திருக்கவும் உண்ணியால் முடியும்.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் ‘உண்ணி சீசன்’ என்று எழுதியிருப்பார்கள். நம் வெயிலுக்கு அதெல்லாம் பொருந்தாது, இங்கே வருடம் முழுக்க சீசன்தான்.

தேவையானவை

நுனி மெலிந்த ட்வீசர், அல்லது பெட் ஷாப்பில் கிடைக்கும் உண்ணி எடுக்கும் கொக்கி. மூடியுள்ள சின்ன பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட். கையுறை, பஞ்சு, நல்ல வெளிச்சம். நாய்க்குப் பிடித்த தின்பண்டம் கொஞ்சம். ட்வீசர் என்றால் புருவத்துக்குப் பயன்படுத்தும் தட்டை நுனி வேண்டாம், அது உண்ணியின் வயிற்றைத்தான் பிடிக்கும்.

படி 1: தினமும் ஐந்து நிமிடம் தடவிப் பார்ப்பது

சாயங்காலம் வாக்கிங் முடிந்து வந்ததும் செய்வது வசதி. நாயை உட்கார வைத்து, கண்ணால் தேடாமல் விரல் நுனியால் தேடுங்கள். முடியின் திசைக்கு எதிராக மெதுவாகத் தடவினால் உண்ணி சின்ன முடிச்சாகத் தட்டுப்படும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற முடி குட்டையான நாய்களில் இது சுலபம். லாப்ரடார், ஷிட்ஸு என்றால் முடியைப் பிரித்துத் தோல் வரைக்கும் பார்க்க வேண்டும்.

உண்ணி விரும்பி உட்காரும் இடங்களை ஒரே வரிசையில் பார்த்துப் பழகுங்கள், அப்போது எதுவும் விட்டுப்போகாது. காது மடலின் உள்பக்கம், காதின் ஓரத்தில் உள்ள சின்ன மடிப்பு, கண் இமை ஓரம், கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில் (கழற்றிவிட்டுப் பாருங்கள்), முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலுக்கு அடியில், கடைசியாகக் கால் விரல்களுக்கு நடுவே. விரல் இடுக்கைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பாதத்தைக் கீழிருந்து பிடித்து, ஒவ்வொரு விரலாக விரித்துப் பாருங்கள். நாய் ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அங்கே அநேகமாக ஒன்று இருக்கும்.

வயிற்றில் தட்டுப்படும் சின்ன முடிச்சை உண்ணி என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. சந்தேகம் வந்தால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உண்ணி என்றால் தோலை ஒட்டிக் கால்கள் தெரியும். கால் தெரியவில்லை என்றால் கையை வைக்காதீர்கள், அது மருவாகவும் இருக்கலாம்.

படி 2: எடுப்பது

நாயை ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எடுப்பது நல்லது. முடியை விலக்குங்கள். ட்வீசர் நுனியை உண்ணியின் தலைப் பக்கம், தோலை எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வையுங்கள். அழுத்தாமல் பிடித்து, ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். தோல் கொஞ்சம் மேலே எழும்பும், ஒன்றிரண்டு நொடி அப்படியே நிற்கும், பிறகு உண்ணி தானே விடும். வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். கொக்கி வைத்திருந்தால் அதைத் தோலோடு நுழைத்து, மெதுவாகத் திருப்பி எடுங்கள்.

எடுத்ததை உடனே ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு மூடுங்கள். நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள். அதன் உடம்பில் இருக்கும் கிருமி உங்கள் கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட உள்ளே போகலாம். வாசலில் எறிந்தால் அது நடந்து திரும்பி வரும்.

கடித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், போதும். அங்கே பட்டாணியளவு தடிப்பு சில நாள் இருக்கலாம். வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளேயே நின்றாலும் ஊசி வைத்துத் தோண்டாதீர்கள், தோல் தானே அதை வெளியே தள்ளிவிடும். சீழ் வைத்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது, எண்ணெயில் மூழ்கடிப்பது, இவை எல்லாமே உண்ணி சாவதற்கு முன்னால் அதைத் தொந்தரவு செய்யும் வேலைகள். அப்போது அது வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்க வாய்ப்பு அதிகம். மண்ணெண்ணெய் நாயின் தோலையும் பொசுக்கும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவும் கைவைத்தியமும் வேண்டாம், கற்பூரம் நாய்க்கு விஷம். உணவில் பூண்டு சேர்த்தால் உண்ணி வராது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதால் கெடுதல் இல்லை, ஆனால் ஒட்டியிருக்கும் உண்ணி அதற்கெல்லாம் இறங்காது.

படி 3: மருந்து

கையால் எடுப்பது அன்றைய வேலைக்கு மட்டும்தான். தொடர்ந்து பாதுகாக்க மருந்து வேண்டும். மூன்று வகை இருக்கிறது.

ஸ்பாட் ஆன் என்னும் சொட்டு மருந்து: ஃபிப்ரோனில் சேர்ந்தவை அதிகம் கிடைக்கும். பின்கழுத்தில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முடியைப் பிரித்துத் தோல் மேல் விட வேண்டும். முடி மேல் விட்டால் காசு வீண். விடுவதற்கு 2 நாள் முன்பும், விட்ட பிறகு 2 நாளும் குளிப்பாட்டக் கூடாது.

மாத்திரை: ஃப்ளூரலேனர் ஏறக்குறைய 3 மாதம் தாங்கும், அஃபாக்சோலேனர், சரோலேனர் ஒரு மாதம். உண்ணி தொல்லை அதிகமுள்ள வீட்டுக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. குளிப்பாட்டினாலும் வேலை செய்யும், வீட்டில் குழந்தை நாயைத் தடவினாலும் பயமில்லை. உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பது இதில் இருக்கும் குறை. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

பெல்ட்: சில பெல்ட்கள் 8 மாதம் வரை பலன் தரும். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாகப் போட வேண்டும். மலிவு விலைப் போலிகள் நிறைய வருகின்றன, பார்த்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் நாயின் எடைக்கு ஏற்ற பாக்கெட்தான் வாங்க வேண்டும். எடை தெரியவில்லையா? நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். பெரிய நாய்க்கான பாக்கெட்டை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பங்கு போடும் சிக்கனம் வேண்டாம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு டாக்டர் சொல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள். அதுவரைக்கும் கையால் எடுப்பதும் சீப்பால் வாருவதும்தான் வழி.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுவதை கிராமங்களில் பார்க்கலாம். அளவு கூடினால் நாய் நடுங்கி, எச்சில் ஒழுகி விழுந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் மோசம், பெர்மெத்ரின் வகை மருந்து பூனையைக் கொன்றுவிடும். பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்ட ‘உண்ணி ஊசி’யை நம் நாய்க்கும் போடச் சொல்லிக் கேட்பதும் ஆபத்து. அந்த ஊசியில் அநேகமாக இருப்பது ஐவர்மெக்டின் என்னும் மருந்து. கோலி (Collie) போன்ற சில இன நாய்களுக்கு அது மூளை வரை ஏறி உயிரையே வாங்கக்கூடியது.

படி 4: வீடு

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. பழுப்பு உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு. அதனால் தரையை மட்டும் கழுவிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில், ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்தில், ஜன்னல் சட்டத்தின் பின்னால், திரைச்சீலை மடிப்பில், நிலைக்கதவு இடுக்கில் பாருங்கள். ராத்திரி டார்ச் அடித்தால் சுவரில் ஊர்ந்து போவது தெரியும்.

நாயின் விரிப்பை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். பழைய சாக்கு என்றால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு போடுங்கள், சாக்கின் நெசவுக்குள் இருப்பதை எடுக்க முடியாது. சிமென்ட் தரை வெடிப்புகளில் கொதிநீரை ஊற்றி, காய்ந்ததும் வெள்ளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். கூண்டு மரத்தில் என்றால் பலகைச் சந்துகள்தான் உண்ணியின் பிரசவ அறை. முடிந்தால் இரும்புக் கூண்டுக்கு மாறிவிடுங்கள். கூண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், வெடிப்பெல்லாம் மூடும். அது நன்றாகக் காயும் வரை நாயை உள்ளே விடாதீர்கள், ஈரச் சுண்ணாம்பு பாதத்தைப் புண்ணாக்கும். வேக்வம் கிளீனர் இருந்தால் சோபா இடுக்கு, கட்டில் கால், சுவரோரம் எல்லாவற்றிலும் ஓட்டி, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

தொல்லை அதிகமென்றால் பூச்சி மருந்து அடிப்பவர்களைக் கூப்பிடுங்கள். நாயும் பூனையும் இருக்கும் வீடு, மீன் தொட்டி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காயும் வரை யாரும் உள்ளே இருக்க வேண்டாம். ஒரு முறை அடித்தால் போதாது, முட்டைக்கு மருந்து ஏறாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, குஞ்சு பொரித்து வெளியே வந்த பிறகு, இன்னொரு தடவை அடிக்க வேண்டும். நாய்க்கு மருந்து கொடுப்பதை இந்த நாட்களில் நிறுத்தவே கூடாது. மருந்தேறிய நாய் மேல் ஏறுகிற ஒவ்வொரு உண்ணியும் வீட்டுக் கணக்கில் ஒன்று குறைவு. ஏற்கெனவே உண்ணி புகுந்த வீடு சுத்தமாக இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்று எதிர்பாருங்கள்.

படி 5: காய்ச்சலைக் கவனிப்பது

உண்ணியால் வரும் காய்ச்சல் ஒன்றல்ல. எர்லிக்கியா, பபேசியா இரண்டும் நம் பக்கம் சாதாரணமாகக் காணப்படுபவை. கடித்த அன்றே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் அறிகுறி வரும். அதற்குள் உண்ணியை நாம் மறந்திருப்போம்.

முதல் அறிகுறி அநேகமாகச் சாப்பாடுதான். தட்டைப் பார்த்ததும் ஓடி வருகிற நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். வெயில், மூட் சரியில்லை என்று ஒரு நாள் விடலாம், இரண்டாவது நாள் விடாதீர்கள். மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாயின் சாதாரண வெப்பம் நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

அப்புறம் ஈறு. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். வர நேரமானாலோ, ஈறு முழுக்கவே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலோ அன்றைக்கே டாக்டர். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும்போதே இதைப் பார்த்து வைத்தால்தான் மாற்றம் தெரியும்.

மூக்கில் ரத்தம் வடிவது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரியானாலும் கிளம்புங்கள். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

டாக்டரிடம் ‘உண்ணி இருந்தது, எப்போது எடுத்தோம், கடைசியாக என்ன மருந்து போட்டோம்’ என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் செலவைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் பபேசியாவைத் தீர்க்காது, எது என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக விழும். பக்கத்தில் தனியார் கிளினிக் இல்லை என்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

டாக்சிசைக்ளின் பெரும்பாலும் 4 வாரம் கொடுக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சாப்பாட்டோடு கொடுங்கள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் துள்ளி விளையாட ஆரம்பிக்கும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். மாத்திரை முடிந்ததும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

போர்டிங்கில் விட்டு அழைத்து வரும்போதும், ஊருக்குப் போய்த் திரும்பும்போதும், புதுக் குட்டி வரும்போதும் படி 1-ஐ வாசலுக்கு வெளியிலேயே முடித்துவிட்டு நாயை உள்ளே விடுங்கள்.