பைக் மாடலில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் பூட்டுவது எப்படி?

அசல் வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு (1/12) அளவுள்ள, நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பைக் கிட்டில் பின்பக்க ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் நான்கே உருப்படிகள்: உறைக்குழாய், தண்டு, உலோக ஸ்பிரிங், மூடி. ஒட்டி முடித்தபின் அது அசையாமல் போனால், சறுக்கும் இடத்தில் பெயின்ட் ஏறியிருக்கும், அல்லது பசை கசிந்திருக்கும். பூட்டும் முன்பே இரண்டையும் தடுத்துவிடலாம்.

1. பிசிறு எடுங்கள்
ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) தண்டை ஒட்ட நறுக்காதீர்கள். பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில், தண்டு நெடுக மயிரிழை போல ஒரு கோடு ஓடும். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் மின்னும், நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து அதைச் சுரண்டி, 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் நான்கைந்து முறை இழுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் தண்டு இளைத்து, குழாய்க்குள் ஆடத் தொடங்கும்.

2. பசையில்லாமல் வெள்ளோட்டம்
ஸ்பிரிங் போடாமல் தண்டைக் குழாய்க்குள் விட்டுத் தலைகீழாகக் கவிழுங்கள். லேசாகத் தட்டினாலே நழுவி வர வேண்டும். எங்காவது கடித்தால் தண்டில் மார்க்கர் மை பூசி, நுழைத்து எடுங்கள். மை அழிந்த இடம்தான் உரசுகிறது. அங்கே மட்டும் தேயுங்கள்.

3. பெயின்ட்
தண்டின் சறுக்குப் பகுதிக்கு மாஸ்கிங் டேப், குழாயின் வாய்க்குச் சிறு பஞ்சு. ப்ரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) மூன்றும் தண்டின் இரு பக்கமும் ஏறுவதால், பூச்சின் தடிமனைப் போல இரு மடங்கு விட்டம் கூடும். அவ்வளவு இடைவெளி அந்தத் துளையில் கிடையாது.

4. ஸ்பிரிங்கும் மூடியும்
இரு கைகளையும் ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பூட்டுங்கள். ஸ்பிரிங் தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும்.

பசையில்தான் அதிகக் கவனம் வேண்டும். தண்ணீர் போன்ற மெல்லிய பசை இடுக்கு கண்ட பக்கமெல்லாம் தானே ஊர்ந்து தண்டையும் பிடித்துக்கொள்ளும். கெட்டியான பிளாஸ்டிக் பசையைப் பல்குத்தி முனையில் எடுத்து, மூடியின் வெளி விளிம்பில் மட்டும் வையுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பெயின்டின் மேல் வெள்ளையாகப் படியும். உள்ளிருந்து ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் டேப் சுற்றி 24 மணி நேரம் விடுங்கள். நடுவில் அழுத்திப் பார்க்காதீர்கள்.

வழவழப்பு தேவைப்பட்டால் சிலிக்கான் கிரீஸ் ஊசிமுனை அளவு போதும். மெஷின் ஆயில் சில சமயம் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை விரிசல் விட வைக்கும். கிரீஸ் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது, ஆகவே பெயின்ட் வேலை முடிந்தபிறகே கிரீஸ்.

5. வண்டி உயரமாக நின்றால்
ஸ்பிரிங்கை அரைச் சுற்று மட்டும் வெட்டிப் பாருங்கள். சுற்று குறைந்தால் நீளம் குறையும், ஆனால் மிச்சமுள்ள ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். அதனால் ஒரேயடியாக இரண்டு மூன்று சுற்று வெட்டக் கூடாது. வெட்டிய முனையைத் தட்டையாக மடக்குங்கள். இல்லையென்றால் அது தண்டைப் பக்கவாட்டில் தள்ளி உரச வைக்கும். இரட்டை ஷாக் என்றால் இரண்டிலும் ஒரே அளவு.

6. முன் ஃபோர்க்
முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களும் இணையாக நிற்காவிட்டால், தனித்தனியாக நன்றாக இயங்கியவை சேர்ந்ததும் இறுகிவிடும். கால்களை மேலே இணைக்கும் கிளாம்ப்பில் பசை இளகலாக இருக்கும்போதே சக்கர அச்சைக் கோத்து, மெதுவாக ஐந்து முறை அழுத்தி விடுங்கள். கால்கள் தாமே நேராகும். அச்சைக் கழற்றாமல் அப்படியே காய விடுங்கள்.