பிறந்தநாளுக்கு பிளேஸ்டேஷனா? பெட்டியின் சீலை இரண்டு நாள் முன்பே உடைத்துவிடுங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் கேக் வெட்டி, பெட்டியைப் பிரித்து, அடுத்த பத்தாவது நிமிடம் விளையாடலாம் என்ற கணக்கில்தான் பல வீடுகளில் பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ்5, டிவியில் இணைத்து விளையாடும் கேம் கன்சோல்) வாங்குகிறார்கள். டிவியில் முதலில் வருவதோ வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் திரை. அதை முடித்தால் சிஸ்டம் அப்டேட், கணக்குத் தொடங்கும் படிவம், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலருக்குத் தனியாக ஓர் அப்டேட். கேம் டவுன்லோடு அதற்கும் பிறகுதான். அதற்குள் வந்த பிள்ளைகள் சிப்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

சீல் உடையாமல் கொடுக்க வேண்டும் என்ற ஆசைதான் இதற்கெல்லாம் காரணம். வியாழக்கிழமை ராத்திரி பிள்ளை தூங்கியதும் பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் முடித்து, திரும்ப உள்ளே வைத்து கிஃப்ட் பேப்பர் சுற்றிவிடுங்கள். சீல் போயிருக்கிறதே என்று எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொள்ளாது.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை: இன்டர்நெட் இணைப்பு, சிஸ்டம் அப்டேட், கன்ட்ரோலரை கேபிளில் செருகி அதன் அப்டேட், முழு சார்ஜ். சார்ஜ் ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டக்கூடிய ஸ்லிம் மாடலில், டிரைவை முதல் தடவை கன்சோலோடு சேர்க்க இன்டர்நெட் கட்டாயம். ஃபைபர் இல்லாத வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 2 ஜிபி கிடைக்கும் பிளானில் சிஸ்டம் அப்டேட்டைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

கேம் டவுன்லோடுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் அது இறங்க, வேறு யாரும் நெட்டைத் தொடாவிட்டாலும், ஏறத்தாழ நாலரை மணி நேரம். பக்கத்து அறையில் ஓடிடி ஓடினால் இன்னும் இழுக்கும். டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்பதும் பாதி உண்மைதான். டிஸ்கில் இருப்பது முதலில் உள் சேமிப்புக்கு ஏறும், அதற்கு மேல் கேமின் திருத்தங்களான பேட்ச் நெட்டிலிருந்து இறங்கும். ராத்திரி ரெஸ்ட் மோடில் விட்டால் தானாக இறங்கும் என்றாலும், பவர் சேவிங் அமைப்பில் ரெஸ்ட் மோடிலும் இன்டர்நெட் தொடரட்டும் என்பதை ஆன் செய்திருக்க வேண்டும். ஆரஞ்சு விளக்கு எரியும்போது கன்சோல் தூங்குகிறது, அணையவில்லை. அப்போது சுவிட்சைத் தட்டி அணைத்தால் சேமித்த தகவல் கெடலாம்.

பரிசு கொடுக்க வரும் சித்தப்பாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போடும் வாயே கிடையாது, அதற்கு டிஸ்க் வாங்கி வந்தால் அலமாரிக்குத்தான். இடம் பத்தாது என்று 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் கொடுப்பதும் அப்படித்தான். அதில் பிஎஸ்5 கேம்களை எடுத்து வைக்கலாம், அதிலிருந்து விளையாட முடியாது. பிஎஸ்4 கேம் மட்டுமே அதிலிருந்து ஓடும். பிஎஸ்5 கேம் ஓட வேண்டுமானால் கன்சோலுக்குள்ளே செருகும் வேகமான சேமிப்புச் சில்லான எம்.2 எஸ்எஸ்டி வேண்டும். அதிலும் ஜென்4 (நான்காம் தலைமுறை) வகை, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி ஆட்கள் கணக்கு. ஆறு பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டு, ஒருவர் மட்டும் ஆடும் கதை கேமை வாங்கி வைப்பது சகஜமாக நடக்கும் தவறு. ஒருவன் ஆட, ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு சண்டை. ஆன்லைனில் நூறு பேர் சேர்ந்து ஆடும் கேம் என்பதால் ஒரே டிவியில் நான்கு பேர் ஆடலாம் என்றும் அர்த்தமில்லை. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் கேமின் பக்கத்தில் எத்தனை பிளேயர் என்று போட்டிருக்கும் இடத்தில், ஆன்லைன் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே கன்சோலில் எத்தனை பேர் என்பதைப் பாருங்கள். ஓவர்குக்டு, சாக்பாய் என்ற இரண்டு கேமிலும் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ராக்கெட் லீக் இலவசம், நான்கு பேருக்குத் திரையைப் பிரித்துக்கொடுக்கும். ஒரே அறையில் சேர்ந்து ஆட, சோனியின் கட்டணச் சேவையான பிஎஸ் பிளஸ் சந்தா தேவையில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரைத் தனியாக வாங்கினால் பெட்டியில் கேபிள் இருக்காது. வீட்டில் கிடக்கும் சார்ஜர் கேபிள் சில நேரம் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. அப்படிப்பட்ட கேபிளில் கன்ட்ரோலர் கன்சோலோடு சேராது. கோளாறு கன்ட்ரோலரில்தான் என்று நினைத்துக் கடைக்கு ஓடாமல் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரும் இணையும், ஆனால் பிஎஸ்4 கேமுக்கு மட்டும்தான் உதவும்.

கணக்குத் தொடங்கும்போது அவசரம் வேண்டாம். நாடு என்ற இடத்தில் ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற வழியில்லை. சலுகை கிடைக்கிறது என்று அமெரிக்கா என்று போட்டுவிட்டால், ரூபாய் கிஃப்ட் கார்டு அந்தக் கணக்கில் ஏறாது. பிள்ளையின் வயதைக் கூட்டிப் போட்டுப் பெரியவர் கணக்காக்குவதும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதன் கீழ் பிள்ளைக்குத் தனிக் கணக்கு சேர்த்தால் விளையாடும் நேரம், செலவு, வயது வரம்பு மூன்றையும் கையில் வைத்திருக்கலாம். கார்டைச் சேமித்திருந்தால் வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஸ்டோரில் தவறாக வாங்கிய கேமுக்கு 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கக் கூடாது.

டிவி பக்கம் இரண்டே விஷயம். பட்டனை அழுத்தியபின் கேமில் உள்ள ஆள் தாமதமாகக் குதித்தால் கன்சோலைத் திட்டாதீர்கள், டிவியில் கேம் மோடு ஆன் செய்யுங்கள். கன்சோலோடு வரும் எச்டிஎம்ஐ கேபிளையே போடுங்கள், செட் டாப் பாக்ஸின் பழைய கேபிள் வேண்டாம். 4கே 120 ஹெர்ட்ஸ் டிவியிலும் அந்த வேகம் எல்லா போர்ட்டிலும் வராது, போர்ட் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் செருகுங்கள்.

கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் கன்சோலை வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்து, ஃபேன் இரைந்து, கடைசியில் அணைந்துபோகும். சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். கேக் வெட்டும் மேஜை டிவிக்கு எதிரே இருந்தால் இன்னொரு தலைவலி. பார்ட்டி பாப்பரின் மினுக்குத் துண்டுகளைக் கன்சோலின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்னோ ஸ்பிரே டிவி பேனலில் பட்டு வழிந்தால் ஓரத்து இடுக்கில் ஈரம் இறங்கும். அதைவிட முக்கியம், அந்த டப்பாவில் இருக்கும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் கேக்கோடு முடிகிற விஷயமில்லை. வெட்டி முடித்து, துடைத்து, பிறகு கன்சோலை வெளியே எடுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்து வையுங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு லைட், ஃபேனுக்கு மட்டும்தான் இருக்கும், டிவி ப்ளக் பாயின்ட்டுக்கு இருக்காது. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் சோதித்தால் தெரிந்துவிடும். டிவியும் கன்சோலும் சேர்ந்து 300 வாட்டுக்கு மேல் இழுக்கலாம். சீரான மின்சாரம் தராத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இணைக்காமல் விடுவதே மேல்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெட்டி பிரிப்பதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுங்கள், கன்சோலில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று அதிலேயே காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செட் சில ஆயிரம் குறைவு என்று யாராவது சொன்னால், இந்திய வாரன்ட்டி உண்டா, பில்லில் எழுதித் தருவீர்களா என்று முதலில் கேளுங்கள்.