பழைய சைக்கிள் சேகரித்துக் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து கிடக்கும் சைக்கிள்களை வாங்கி, சரிசெய்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலைக்கு இப்போது புதிதாக நிறையப் பேர் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் பழைய குழுக்கள் எல்லாம் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக்கைப் பார்ப்பது எல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஊரில் டயர் கிடைக்காத சைக்கிளைக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்கு ஒரு குழு கியர் சைக்கிள் கொடுத்திருந்தது. ஓவராயிலிங் முடித்து, பெயிண்ட் அடித்து, நல்ல வண்டிதான். பின் டயர் கிழிந்ததும் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரர் தன்னிடம் இருந்த 28 இஞ்ச் டயரை மாட்டிப் பார்த்தார். ரிம்மில் உட்காராமல் தொளதொளவென்று கழன்று வந்தது. நான் போனபோது சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அவள் பழையபடி பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தாள்.

28 என்று ஒரே பெயர் சொன்னாலும் அளவு வேறு. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் ரிம் 635 மி.மீ., கியர் சைக்கிளின் 700சி ரிம் 622. 26 இஞ்சிலும் இதே வம்பு: லேடீஸ் சைக்கிளில் பெரும்பாலும் 590, எம்.டி.பி. என்கிற மவுன்டன் பைக்கில் 559. ஒன்றின் டயர் மற்றதில் சேராது. டயரின் பக்கவாட்டில் 40-635, 37-590 என்று பொறித்திருக்கும். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அப்புறம், கொடுக்கப்போகும் ஊரின் பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு, எந்த அளவு டயர், டியூப் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்த ஊருக்கு அந்த அளவு மட்டும்தான். மற்றதை டவுனில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம், விற்று அந்தக் காசில் டியூப் வாங்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வேலையைத் தொடங்கிய வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம், ஆப்பிரிக்காவுக்குப் போனதும் முரட்டுச் சாலைக்கென்றே ஒரு சைக்கிளை வடிவமைத்து, அதற்கான உதிரிபாகம் கிடைக்கவும் உள்ளூர் மெக்கானிக்குகள் பழகவும் வழி செய்தது. புது சைக்கிள் கொடுப்பவர்களே இவ்வளவு யோசிக்கும்போது, பழையதைக் கொடுக்கும் நாம் யோசிக்காமல் இருக்கலாமா?

பிளஸ் ஒன் மாணவர்களிடம் போவது

அரசுப் பள்ளியில் அவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வந்துவிடும். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற, தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கேரியர் இல்லாமல் கொடுப்பது

கூடாது.

வாய்வார்த்தையை நம்பி எடுத்து வருவது

"யாரும் கேட்க மாட்டாங்க, எடுத்துக்கோங்க" என்று வாட்ச்மேன் சொல்வார். ஆறு மாதம் கழித்து உரிமையாளர் வந்து கேட்பார். குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் இல்லாமல் ஒரு வண்டியைக்கூடத் தொடாதீர்கள்.

ஓடாததைக் காயலான் கடைக்குப் போடுவது

ஃப்ரேம் முறிந்திருந்தாலும் ஃப்ரீவீல், பெடல், ஸ்போக்ஸ், சீட் எல்லாம் உயிரோடுதான் இருக்கும். கழற்றி, அளவு எழுதிய பையில் போட்டு, அந்த ஊர்க் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.