பாதி படித்த புத்தகத்தைப் பரிந்துரைப்பது எப்படி

முதலில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "400 பக்கத்தில் 150 முடித்திருக்கிறேன்" என்றால் கேட்பவருக்கு எடைபோடத் தெரியும். 50 பக்கம் தாண்டாமல் வாயைத் திறக்காதீர்கள். அபுனைவு (கதையல்லாத) நூல்களில் முன்னுரை பிரமாதமாக இருந்து, மூன்றாம் அத்தியாயத்திலேயே சொன்னதையே சொல்வது சகஜம்.

"அருமை, அவசியம் படிங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திர'த்தையே எடுத்துக்கொள்வோம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சிறியவை, பஸ்ஸில் போகும்போது ஒன்றை முடித்துவிடலாம். 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறவில்லை. இதை முன்பே சொல்லாவிட்டால், கடைசிப் பக்கத்தில் நண்பர் உங்களைத்தான் திட்டுவார். கூடவே, குருகுலப் படிப்பு, சுவடி தேடல் இரண்டிலும் ஆர்வம் இல்லாதவருக்கு இழுவையாகத் தோன்றலாம் என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் கட்டாயம். அறிவியல், மருத்துவ நூல் என்றால் பதிப்பு ஆண்டும். அட்டைப்படத்தைவிடப் பொருளடக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பிடிஎஃப் மட்டும் வேண்டாம்: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

நடுவில் நிறுத்திவிட்டால், அதையும் சொல்லிவிடுங்கள்.