சாமத்தில் ரிவி: பக்கத்து வீட்டின் நித்திரையைக் கெடுக்கும் தவறுகள்

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இந்த வருசம் மூன்று வீடுகளில் புதிதாக ஸ்பீக்கர் செற் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வீட்டுப் பொடியளும், நான் 2022இல் செய்த பிழையை அப்படியே செய்கிறார்கள். யன்னலைச் சாத்துங்கள், சத்தத்தைக் குறையுங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

வூஃபரை நடுச்சுவரோடு வைப்பது

அப்போது நான் இருந்தது ஒரே சுவரைப் பங்குபோடும் இரட்டை வீடு. அந்தச் சுவரில்தான் ரிவியை மாட்டினேன். கீழே மூலையில், சீமெந்து நிலத்தில், ‘தும் தும்’ என்ற அடித்தொனியைத் தரும் பெட்டியான வூஃபர். உலகக் கிண்ண ஆட்டங்கள் பல நமக்கு இரவு 12.30க்குத்தான் தொடங்கின. அர்ஜென்டினா, குரோஷியாவை 3-0 என வென்ற அரையிறுதியும் அப்படித்தான். வர்ணனை எனக்கே மெல்லமாய்த்தான் கேட்டது. கவனமாக இருக்கிறேன் என்று நம்பினேன்.

பக்கத்து வீட்டு அண்ணை விடிய நாலு மணிக்குப் பால் கறக்க எழும்புபவர். ஒருநாள் பால் வாங்கப் போனபோது அக்கா கேட்டா: “தம்பி, இரவில உங்கட பக்கம் மெசின் ஏதும் ஓடுதோ?”

அன்றிரவு ரிவியை ஓடவிட்டு அவர்கள் அறையில் போய் நின்றேன். பேச்சு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ‘தும் தும்’ மட்டும். தட்டில் எவர்சில்வர் மூடி ஒன்று செம்பின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டில் அந்த அறையில் இல்லை. மார்கழி மழைக் குளிரில், நுளம்புக்குள், விறாந்தையில் கிடந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடித்தொனி முதலில் மறைந்துபோகும். படம் சப்பென்று இருக்கிறதே என்று பேஸைக் கூட்டுவோம். ஆனால் சுவர் நன்றாகத் தடுப்பது மேல்தொனியைத்தான். 100 ஹேர்ட்ஸ் போன்ற அடித்தொனியின் அலைநீளம் மூன்று மீற்றருக்கு மேல். ஒற்றைக் கல் சுவர் அதற்குப் பெரிய தடையில்லை. மூலையில் வைத்தால் அது இன்னும் பெருகும். நிலத்தின் வழியாகவும் அதிர்வு போகும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். புது வயர், துளைகளுக்குப் பூச்சு என்று காசு போனது. அது பரவாயில்லை. அந்த மனிதர் நித்திரை இல்லாமல் மாட்டடிக்குப் போன காலைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

எங்கள் சனம் இதையெல்லாம் வாய் திறந்து சொல்லாது. நீங்களே போய்க் கேளுங்கள், அவர்கள் படுக்கிற அறையில் நின்று கேளுங்கள்.

விறாந்தையில் வைத்துப் பார்ப்பது

வெக்கைக்கு வெளியே வருவது சரி. ஆனால் இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும்; மேலே காற்று சூடாக இருக்கும். மேலே போகும் ஒலி வளைந்து திரும்பக் கீழே வரும். பகலில் வேலியடியில் அடங்கும் சத்தம் சாமத்தில் வயல் தாண்டிக் கேட்பது இதனால்தான்.

ஹெட்போனை அவசரப்பட்டு வாங்குவது

முதலில் ரிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். புளூடூத் இல்லாத ரிவிக்கு, ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றர் தனியாக வேண்டும். சாதாரண புளூடூத்தில் ஒலி பிந்தி வரும். வாய் அசைந்த பிறகுதான் பேச்சுக் கேட்கும். அந்த ட்ரான்ஸ்மிற்றருக்கு ரிவியின் ஒப்டிகல் துளை (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) வழியாக எடுத்துச் சத்தம் வராவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்குமுன் ரிவியின் ஒலி அமைப்பைப் பிசிஎம் (அமுக்காத சாதாரண ஒலி வடிவம்) என்று மாற்றிப் பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான் பிரச்சினை. நீண்ட வயர் போட்ட ஹெட்போன் மலிவு, பிந்தவும் பிந்தாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஹெட்போனோடு கத்துவது

உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது. ஒழுங்கைக்கே கேட்கும்.

ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பது

பேச்சுக்குக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து... வேண்டாம். ஒலி அமைப்பில் ‘நைற் மோட்’ இருந்தால் போடுங்கள். பெரிய சத்தத்தை அமுக்கிப் பேச்சைத் தூக்கித் தரும்.

வூஃபருக்குக் கீழே ஸ்பொஞ்ச் வைத்தால் போதும் என்று நம்புவது

போதாது. பத்து மணிக்குப் பிறகு அதன் வயரைக் கழற்றுங்கள்.